இரண்டு பூச்சில் நின்ற முகம்

வாருங்கள் கண்ணுகளா, கிட்டே வந்து உட்காருங்கள். கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டேன். ஒரு வீட்டுக் கதை சொல்லப் போகிறேன். நடுநடுவே சிரிப்பு வரும். ஆனால் கதை கசப்புதான், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் அப்போது ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். தலையணை உறையும் ஜன்னல் திரையும் தைத்துக் கொடுக்கிற பிழைப்பு. எனக்குக் கீழே, தெருவைப் பார்த்த கடையும் அதற்குப் பின்னால் இரண்டு அறைகளுமாகப் படக்காரர் வீடு. வாட்டர் கலரில் ஆட்களின் முகம் வரைகிறவர். சிலர் போட்டோ கொண்டுவந்து கொடுப்பார்கள், சிலர் நேரில் வந்து முக்காலியில் உட்காருவார்கள். கடைப் பலகையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் அங்கிருந்து போன ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேர் கை இருந்தது. முகத்தை அவர் போடுவார். முடியை அவர் மனைவி போடுவாள். முகம் முழுசாக முடிந்து காய்ந்த பிறகு, காகிதம் ஒட்டிய பலகை பின்னறைக்குப் போகும். அங்கே ஜன்னலோரமாக உட்கார்ந்து அவள் முடி போடுவாள். தெருவில் அவளுக்கு முடிக்காரி என்றே பெயர். அவளும் அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

ஒருநாள் திரைக்கு அளவெடுக்கப் போனவள், அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"ஒவ்வொரு முடியா வரைய உனக்கு எப்படிம்மா பொறுமை வருது?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, ஒவ்வொரு முடியா வரைஞ்சா அது தொடப்பம். தலையா இருக்காது. எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம்னு மட்டும் பார்க்கணும். வெளிச்சம் விழற இடத்துல பிரஷ்ஷே போகக் கூடாது. அங்கே காகிதம்தான் முடி."

"காகிதம் வெள்ளையாச்சே?"

"உங்க கொண்டையைக் கண்ணாடியில பாருங்க. கறுப்பு மேல வெயில் பட்டா என்ன நிறம்?"

பார்த்தேன். வெள்ளைதான். ஓரத்தில் கொஞ்சம் நீலம். இத்தனை வருஷம் எண்ணெய் தேய்த்த தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முடி முடிந்து நெற்றி தொடங்குகிற இடம்தான் கஷ்டம் என்பாள். அங்கே மட்டும் விளிம்பை லேசாக நனைத்து, முடி தோலுக்குள்ளிருந்து முளைத்த மாதிரி கரைய விடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை.

படக்காரர் முகம் போடுகிற விதம் வேறு. தோலுக்குக் கறுப்பு டப்பாவையோ பழுப்பு டப்பாவையோ அவர் தொட மாட்டார். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் தண்ணீரில் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய வேண்டும். அதன் மேல் இன்னொன்று. காதுமடலில் கொஞ்சம் சிவப்பு, கண்ணுக்குக் கீழே நீலம். மூன்றாவது பூச்சில்தான் எங்கள் தெருவில் பலருக்கு அவரவர் சொந்த நிறம் வரும். சிலருக்கு நாலாவது வேண்டும். படக்காரர் எல்லாருக்கும் இரண்டோடு நிறுத்திவிடுவார்.

"அப்படியே இருக்கேங்க!" என்று மனிதர்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்படியே இருக்காது. ஜாடை இருக்கும், சிரிப்பு இருக்கும், நிறம் மட்டும் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஏங்க, இது பொய்யில்லையா?"

"நான் பொய்யே சொல்றதில்லை தையலக்கா," என்றார். "உண்மையைப் பாதியில நிறுத்திக்கிறேன். அவ்வளவுதான்."

பேச்சில் கெட்டிக்காரர். ஆனால் அவரும் ஒரு காலத்தில் முழுசாகச் சொல்லிப் பார்த்தவர்தான். கடை போட்ட புதிதில் கண்ணாடி ஜன்னலில் மனைவியின் முகத்தைத்தான் வைத்திருந்தாராம், நாலு பூச்சும் போட்டு. முடிக்காரி நல்ல கறுப்பு, மழையில் நனைந்த மரம் மாதிரி. ஜனங்கள் ஜன்னல் வரைக்கும் வருவார்கள், பார்ப்பார்கள், எதிர் வரிசை போட்டோக் கடைக்குப் போய்விடுவார்கள். கடைசியில் அதை எடுத்துவிட்டு, யாரோ ஒரு வெளுத்த குழந்தையை வைத்தார். அன்றிலிருந்து கூட்டம்.

"அந்தப் படம் எங்கே?" என்று அவளிடம் கேட்டேன்.

"நல்ல காகிதம்க்கா, வீணாக்க முடியுமா? பின்பக்கத்துல கலர் ஒத்திப் பார்த்துப் பார்த்தே தீர்ந்துபோச்சு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். அப்பா வைத்த செல்லப் பெயர் மிளகு. அம்மாவின் நிறம், அப்பாவின் வாய். மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். இருமல் மருந்து வாங்கப் போனால் இருமலையே கிண்டல் பண்ணி அனுப்புவாள். தெருவில் இருக்கிற குழந்தைகள், கிழவர்கள், பால்காரர் வீட்டு நாய் வரைக்கும் வரைந்த மனுஷன் மிளகை ஒரு தடவைகூட வரைந்ததில்லை. கேட்டால், "சொந்தப் பிள்ளை முகம் கைக்கு வராதும்மா" என்பார்.

அவளுக்குத் தூரத்து நகரம் ஒன்றில் பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்தது. போகிற வாரம் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். நான் அப்போது தைத்த உறைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள்.

"அப்பா, எனக்கு நகை வேண்டாம், பெட்டி வேண்டாம். ஒரு படம் போட்டுக் கொடுங்க."

"போட்டோ எடுத்துட்டுப் போயேன்."

"போட்டோவுல உங்க கை இருக்குமா? அம்மா கை இருக்குமா? அங்கே ஒரு அறையில தனியாக் கிடக்கப் போறேன். சுவத்துல நீங்க ரெண்டு பேரும் போட்ட நான் இருக்கணும்."

முடிக்காரி கையில் எடுத்த உருண்டையை வாயில் வைக்காமல் கணவனையே பார்த்தாள்.  "சரி, ஞாயித்துக்கிழமை உட்காரு," என்றார் அவர். மிளகு எழுந்துவந்து எச்சில் கையோடு அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு விடாத மழை. காகிதம் காய மறுத்தது. பலகையை அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைப்பதும், தொட்டுப் பார்ப்பதும், மறுபடி எடுத்துவருவதுமாக இருந்தார்கள். மிளகு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அசையாதே."

"மூச்சு விடலாமா?"

"கொஞ்சமா விடு."

"மூக்கு அரிக்குதுப்பா."

"படத்துல இருக்கிற மூக்கைச் சொறிஞ்சு விடறேன், பொறு."

அன்றைக்கு அந்த மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். மகளை அவ்வளவு நேரம் அவர் நேருக்கு நேர் பார்த்தே வருஷக்கணக்கு ஆகியிருக்கும். இரண்டாவது பூச்சு காய்ந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். கேலி பேசப் போகிற அந்த உதட்டோரம் அச்சாக வந்திருந்தது. இன்னும் இரண்டு பூச்சு விழுந்தால் எழுந்துவந்து என்னை வம்புக்கு இழுக்கும் போல.

படக்காரர் பிரஷ்ஷைத் துடைத்து வைத்தார். "நீ முடியைப் போட்டுடு," என்றார் மனைவியிடம்.

அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். முகம் முடிந்தது என்று அர்த்தம். முடி போட்ட பிறகு முகத்தில் தண்ணீர் பட்டால் முடி கரைந்து இறங்கிவிடும். அதனால்தான் முடி எப்போதும் கடைசி.

"மூணாவது பூச்சு?" என்றாள் அவள்.

"மழையில காய மாட்டேங்குது. நீ பின்கழுத்துல இருந்து ஆரம்பி. நெத்திகிட்ட வர்றப்ப கூப்பிடு, நான் போட்டுக்கறேன்."

அவள் நம்பினாள். கட்டின மனுஷன் சொன்னால் நம்பத்தானே தோன்றும். மறுநாள் முழுக்க உட்கார்ந்து அந்த முடியைப் போட்டாள். மிளகின் தலை சுருள். ஒவ்வொரு சுருளின் தோளிலும் வெளிச்சத்துக்கு இடம் விட்டு, காதுக்குப் பின்னால் ஈரம் சொட்டுகிற மாதிரி இரண்டே இரண்டு இழை. நெற்றிக்கு வந்ததும் கூப்பிட்டாள். கடையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆள் இருக்காங்க, நீயே முடிச்சுடு. காத்திருக்காதே."

முடித்துவிட்டாள்.

சாயங்காலம் மிளகு வந்து பார்த்தாள். கறுகறுவென்ற முடிக்கு நடுவே அந்த முகம் இன்னும் வெளுத்துத் தெரிந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் பொண்ணுக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கட்டுமா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "சட்டம் போட்டா எடுப்பா இருக்கும்மா."

"சட்டம் போட்டா கறுக்குமா?"

"படம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

"எப்படி வேணா இருக்கட்டும்ப்பா. என்னைப் போல இருக்கணும்ல?" என்றாள்.  உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் படக்காரர் சட்டக் கடைக்குக் கிளம்பினதும் முடிக்காரி பலகையை எடுத்து மேஜையில் போட்டாள். "வா இங்கே," என்று மகளைக் கூப்பிட்டாள். "கையை நீட்டி மேஜை மேல வை." மகளுடைய முன்கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டில் கலந்தாள். சிவப்பு, மஞ்சள், இன்னும் கொஞ்சம் நீலம். கையின் மேலேயே ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். சொட்டு இருந்த இடம் தெரியவில்லை, அப்படிப் பொருந்தியது. நான் மாடியிலிருந்து இறங்கிவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

இடது கன்னத்தில் மூன்றாவது பூச்சு விழுந்தது. அது காய்ந்து, நாலாவது. கண்ணுகளா, அந்தக் கன்னம் மிளகுதான். கையை வைத்தால் சூடு இருக்கும் போல.

"அம்மா!" என்றாள் மிளகு. 

பிறகு முடிக்காரி நெற்றிக்குப் போனாள். முடி மேலே காய்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த மழைக்காலத்துக் காகிதம் உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டிருந்தது. அதுவும் விளிம்பை நனைத்துக் கரைய விட்ட இடம். பிரஷ் பட்டதுதான் தாமதம், முடி நெற்றியில் இறங்கிவிட்டது. துணியால் ஒற்றினாள். புருவத்துக்கு வந்தது. மறுபடி ஒற்றினாள். கண்ணுக்குள் போனது. இத்தனை வருஷம் முடியை மட்டுமே போட்ட கை. முடிக்கும் தோலுக்கும் நடுவே எப்போது போகலாம் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

சரியாக அந்த நேரத்தில் படக்காரர் வந்தார். கக்கத்தில் சட்டமும் கண்ணாடியும். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைக்கிற வரைக்கும்தான் பொறுத்தார்.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்டே! இப்படி ஒரு முடி உன் கைக்கே இன்னொரு தடவை வராதேடி!"

முடிக்காரி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். மிளகு அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பு உயரம் இருந்தது அது.

"இவ்வளவு பெரிய சட்டத்தை நான் பஸ்ல எப்படிப்பா கொண்டுபோறது?"

அவள் சட்டத்தின் ஓரத்தைச் சாணால் அளந்தாள்.

"இது நம்ம ஜன்னல் அளவாச்சே?"

"கடைக்குத்தாம்மா," என்றார். "கொஞ்ச நாள் ஜன்னல்ல இருக்கட்டும். உனக்குச் சின்னதா வேற ஒண்ணு போட்டு அனுப்பறேன். முகவெட்டு நல்லா விழுந்திருக்கு, இதைப் பார்த்தா இன்னும் நாலு பேர் வருவாங்க."

"இத்தனை நாளா என்னை ஜன்னல்ல வைக்கலையே?"

"நீ ஊர்ல இருக்கும்போது வைக்க முடியுமா? தினம் அந்த வழியாத்தானே போறே வர்றே. நீ போனப்புறம் யாரு ஒத்துப் பார்க்கப் போறாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.  

"நான் ஊரை விட்டுப் போறதாலதான் வரையவே ஒத்துக்கிட்டீங்க. அப்படித்தானே?"

"எல்லாம் உனக்காகத்தானே மிளகு. இந்தக் கடையில வந்த சோறுதானே…"

"சோத்தைச் சொல்லாதீங்கப்பா. சாப்பிட்ட நான் என்ன நிறம்னு உங்களுக்குத் தெரியும்."

அவள் என்னிடம் திரும்பி, "அக்கா, உங்க கத்தரியைக் கொடுங்க," என்றாள். என் இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தைப் பலகையிலிருந்து உரித்து, அந்த இடது கன்னத்தை மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மீதியை அப்பா முன்னால் வைத்தாள். மறுநாள் காலை பஸ் ஏறிப் போய்விட்டாள்.

படக்காரர் விடவில்லை. பென்சிலில் எடுத்த நகல் அவரிடம் இருந்தது. அதை வைத்து அதே முகத்தை மறுபடி வரைந்தார், இரண்டு பூச்சில். முடிக்காரியிடம் பலகையை நீட்டினார்.

"இதுக்கு மட்டும் நான் போட மாட்டேன்," என்றாள் அவள்.

"அப்போ மத்த வேலை?"

"ஊரான் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? அதுங்களுக்குப் போடறேன்."

அவர் கெஞ்சினார், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், கடைசியில் முடியையும் தானே போட்டார். இழை இழையாக, கறுப்பு டப்பாவைத் திறந்து. தேங்காய் நார் மாதிரி இருந்தது. ஜன்னலில் வைத்தார். முடிக்காரி ஒருவேளை நினைத்திருப்பாள், நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள், அப்போதாவது உறைக்கும் என்று. யாரும் சிரிக்கவில்லை. "என்ன நிறம், என்ன நிறம்!" என்று ஜன்னலில் மூக்கை ஒட்டி நின்றார்கள்.

"ஒருத்தராவது அந்த முடியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலைக்கா," என்றாள் என்னிடம். "அப்போ நான் இத்தனை வருஷம் யாருக்குப் போட்டேன்?"

 அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

மழை ஓய்ந்து வெயில் ஏறின ஒருநாள். நான் கடைக்குப் புதுத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணும் நம் மிளகு நிறம். முக்காலியில் உட்காரச் சொன்னால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"ஜன்னல்ல இருக்கே, அந்த மாதிரி வேணும்," என்றாள் அம்மாள். "அந்த நிறத்துல. இவளுக்கு அது வராதுன்னு தெரியும். படத்துலயாவது வரட்டும்."

பெண் குனிந்துகொண்டது.

முடிக்காரி பின்னறையிலிருந்து வெளியே வந்தாள். வேலைக்கு வந்தவர்கள் முன்னால் அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் பிரஷ் ஈரமாக இருந்தது. நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

"ஜன்னல்ல இருக்கிறது எம் பொண்ணும்மா. நெஜத்துல அவளும் உன் நிறம்தான். உன்னை மாதிரிதான் லட்சணமா இருப்பா. நிமிர்ந்து உட்காரு."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அது உங்க பொண்ணா? சும்மா இருங்கம்மா, விளையாடாதீங்க." பிறகு படக்காரரிடம் திரும்பினாள். "யாருங்க இவங்க?"

திரைத் துணி என் கையிலேயே நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கிளம்பிப் போகலாமா என்று நிற்கிற அம்மாளைப் பார்த்தார்.

"இங்க வேலை செய்யறவங்க," என்றார். "முடி வேலை. ஏதோ தமாஷுக்குச் சொல்றாங்க. நீங்க உட்காருங்க."

முடிக்காரி திரும்பினாள். பின்னறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மேஜையில் யாரோ ஒரு குழந்தையின் படம், பாதி முடி போட்டபடி இருந்தது. உட்கார்ந்தாள். அந்தப் பிஞ்சுத் தலையை நெற்றி வரைக்கும் முடித்தாள், ஒரு குறையும் இல்லாமல். பிரஷ்களைக் கழுவி, மயிரை விரலால் கூராக்கி, வரிசையாகக் குவளையில் நிறுத்தினாள். பிறகு இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தாள்.

பஸ் நிலையம் வரைக்கும் நான் கூடப் போனேன். மிளகு இருக்கிற ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படியே வெயில். கன்னத்து மேட்டில் ஒரு நீலம், மூக்கு நுனியில் ஒரு வெள்ளை. நாலு பூச்சுக்கும் அடங்காத முகம்.

"அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"வேலைக்காரி நின்னுட்டா, வேற ஆள் பார்த்துக்கச் சொல்லுங்கக்கா."

வண்டி கிளம்பியது. நான் வந்து அதை அப்படியே சொன்னேன். படக்காரர் அந்தப் பெண்ணின் முகத்தில் இரண்டாவது பூச்சு போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் ஒரு கணம் நின்றது. பிறகு, ஈரம் காய்ந்து கறை விழுந்துவிடும் என்று மறுபடி ஓடியது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டு அடுப்பு குளிராமல் இருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் போன இடத்திலிருந்து சிரித்த முகமாகத் திரும்பி வரட்டும். யாராவது வாசலில் நின்று உங்கள் வீட்டு ஆளைக் காட்டி 'யாருங்க இவங்க' என்று கேட்டால், 'எங்கவங்க' என்று சொல்ல உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் நாக்கு எழும்பட்டும். நன்றாக இருங்கள்.